வெயில் காசு: ஓமந்தையிலிருந்து அநுராதபுரம் போய்வந்த கணக்கு

எங்கள் ஓமந்தைக்குப் பக்கத்துப் பட்டணமான வவுனியாவிலிருந்து அநுராதபுரம் 50 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கண்டிக்கோ காலிக்கோ போவதென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே கொப்பியை விரித்து வைத்துக் கணக்குப் போடுகிற எங்கள் ஆட்கள், அநுராதபுரம் என்றால் மட்டும் "இந்தா, பக்கத்தில்தானே" என்று கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். பிறகு மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளை மர நிழலில் உட்கார்த்திவிட்டு ஏ.டி.எம். தேடி அலைவார்கள். தூரம் குறைந்தால் குறைவது பஸ் காசு ஒன்றுதான். அறை வாடகைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று தெரியாது.

இதற்கு வன்னிப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் கூட்டமாகப் போய் வருகிற இடங்கள் பெரும்பாலும் கோவில்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் அன்னதானம் இருக்கிறது, மணலில் பாயை விரித்தால் படுக்கை. ஆடி, ஆவணியில் மடுவுக்குப் போகிறவர்கள் பானை, அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுபோய்க் காட்டு மரங்களுக்குக் கீழே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். போக்குவரத்தும் நேர்த்திக்கடனும் போக அங்கே பெரிய செலவு இல்லை. அந்தக் கணக்கோடு பழைய தலைநகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போனால் முதல் நாளே கை கடிக்கும்.

நாங்கள் போனது காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்த பிறகு, பங்குனியில். நான், என் கணவர், சாதாரணதரம் படிக்கிற மகன், சின்ன மகள், மாமி, கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாள் என்று ஆறு பேர். ஓர் இரவு தங்கி இரண்டாம் நாள் பின்னேரம் திரும்புவது என்று முடிவு. மச்சாள் தன் கைத்தொலைபேசியைத் தட்டி, "மொத்தம் 42,000 ரூபா. ஒரு நாளைக்கு 21,000. சரிதானே அண்ணி?" என்றாள். மொத்தம் சரி. நாளுக்கு என்று பிரித்ததுதான் சரியில்லை.

நான் கொப்பியில் எழுதியதை அப்படியே தருகிறேன். முதல் நாள்: போகும் பஸ் 1,500. காலைச் சாப்பாட்டுப் பொதிகள் 1,500. வாடகைச் சைக்கிள் மூன்றுக்கு 1,800. ஓட்டோ ஒன்றுக்கு 3,500. மத்தியானச் சோறு 3,000. தேநீர், வடை, ரோல்ஸ் 1,000. பூ, செருப்பு வைக்கும் இடம் போன்றவற்றுக்கு 600. இரவுச் சாப்பாடு 3,600. இரண்டு அறை 9,000. இவற்றோடு நான் 'வெயில் காசு' என்று பெயர் வைத்திருக்கும் 2,500. ஆக 28,000. இரண்டாம் நாள்: காலைச் சாப்பாடு 2,000, ஓட்டோ 1,500, மத்தியானச் சோறு 3,000, சில்லறைத் தீன் 1,000, பூவும் சிறு கட்டணங்களும் 500, வீட்டுக்கு வாங்குகிற சாமான் 2,500, வெயில் காசு 2,000, திரும்பும் பஸ் 1,500. இது 14,000. முதல் நாள் இரண்டாம் நாளின் இரு மடங்கு. மச்சாளின் கணக்குப்படி 21,000 ரூபாவோடு முதல் நாளைத் தொடங்கியிருந்தால் அறை வாடகை கொடுக்கும் நேரத்தில் 7,000 ரூபா துண்டு விழுந்திருக்கும். தங்கும் இரவு எந்த நாளில் வருகிறதோ அந்த நாள்தான் பாரமான நாள். சராசரி பார்ப்பது ஊருக்குத் திரும்பிய பிறகு கதை சொல்ல உதவும், போகும்போது உதவாது.

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே என் தொகைகளைப் பார்த்து எழுத வேண்டாம். எது எந்த நாளில் விழுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

இனி அந்த வெயில் காசு. அநுராதபுரத்தில் காசு போவது நாள் முழுவதும் ஒரே சீராக இல்லை. காலை ஆறிலிருந்து பத்து வரை கையில் உள்ளது அப்படியே இருக்கும். காற்று குளிர்ச்சியாக இருக்கும், பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை. பின்னேரம் நான்கரைக்குப் பிறகும் அப்படித்தான். காசு கரைவது பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில். அந்த நேரத்தில் ஒருவருக்குச் செவ்விளநீர் வேண்டும், ஒருவருக்கு ஐஸ்கிறீம், சின்னவளுக்கு இன்னொரு போத்தல் தண்ணீர், மாமிக்குத் தலை சுற்றுவதால் அரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு இன்னோர் ஓட்டோ. ஒவ்வொன்றும் 200, 300 ரூபா. ஒன்றையும் வேண்டாம் என்று மறுக்க மனம் வராது, மறுக்கவும் கூடாது, ஏனென்றால் பங்குனி வெயில் விளையாட்டில்லை. ருவன்வெலிசாய தூபியின் கல் மேடையில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். மத்தியானம் அந்தக் கல்லில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், கும்பிட வந்தவர்கள் தவளைபோலத் தாவித்தான் போவார்கள். (பழைய தடித்த காலுறைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவற்றைப் போட்டுக்கொண்டு நடக்கலாம்.)

ஆகவே நான் நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைப்பதில்லை. வெயில் நேரத்துக்கென்று ஒரு தொகையைத் தனிப் பேர்ஸில் வைத்து அதை மகனிடம் கொடுத்துவிடுகிறேன். யார் என்ன கேட்டாலும் அவனிடம்தான் கேட்க வேண்டும். அது முடிந்தால் முடிந்ததுதான். சின்னவள் அன்று பன்னிரண்டு மணிக்கே தன் பங்கு எவ்வளவு மிச்சம் என்று அண்ணனிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

வெயில் காசைக் குறைக்க ஒரு வழி தண்ணீர். அநுராதபுரத்தைச் சூழ்ந்த ரஜரட்டையிலும் எங்கள் வவுனியாப் பக்கத்திலும் சிறுநீரக நோய்ப் பயத்தால் சனம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் சுத்திகரித்த தண்ணீரைக் கலனில் வாங்கிக் குடிக்கும் வழக்கம் வந்து பல வருடமாகிறது. லீற்றருக்குச் சில ரூபாதான். அந்த ஐந்து லீற்றர்க் கலன் ஒன்றை ஊரிலிருந்தே நிரப்பி ஓட்டோவின் பின்னால் வைத்துவிட்டோம். கடையில் போத்தல் வாங்கினால் விலையைப் பார்த்துக் கொடுங்கள். 2025ஆம் ஆண்டில் ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு 100 ரூபாவும் அரை லீற்றருக்கு 70 ரூபாவும் உச்ச விலையாக அறிவிக்கப்பட்டன. சுற்றுலா இடம் என்பதற்காக அது ஏறுவதில்லை.

ஓட்டோ விடயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. அநுராதபுரத்தில் பார்க்கிற இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. ஸ்ரீ மகா போதி என்கிற வெள்ளரசு மரத்திலிருந்து ருவன்வெலிசாய வரை நடக்கலாம், அங்கிருந்து தூபாராமயவுக்கும் நடக்கலாம். அபயகிரி வடக்கே சில கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. இசுருமுனிய தெற்கே திசா வாவிக் கரையில். எல்லாவற்றையும் நடந்து பார்ப்பதென்று கிளம்பினால் முதியவர்களை மத்தியானத்துக்கு முன்பே இழந்துவிடுவீர்கள். ஓட்டோ என்றால் மூன்று பேருக்கு ஒன்று. நான்காவது ஆள் சேர்ந்ததும் செலவு இரட்டிக்கிறது. ஆறு பேருக்கு இரண்டு ஓட்டோ, 7,000 ரூபா. ஊரிலிருந்தே வான் பிடித்துப் போவதென்றால் அதைவிடக் கூட. ஆகவே மாமியும் மச்சாளும் சின்னவளும் ஓட்டோவில், நாங்கள் மூவரும் வாடகைச் சைக்கிளில் என்று பிரிந்தோம். 1,700 ரூபா மிச்சம். நிழல் மரங்களுக்குக் கீழே சைக்கிள் ஓட்டுவதைப்போல அந்த ஊரைப் பார்க்க வேறு நல்ல வழி கிடையாது என்பது என் அபிப்பிராயம். என் கணவருடைய முழங்காலின் அபிப்பிராயம் வேறு.

ஓட்டோ பேசும்போது "எல்லா இடமும் காட்டுங்கள், எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். எல்லா இடமும் என்றால் எது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் அது வசதி. ஒரு துண்டுக் கடதாசியில் இடங்களின் பெயரை எழுதிக் காட்டி, காத்திருக்கும் நேரமும் சேர்த்தா என்று கேட்டு, எத்தனை மணிக்கு முடியும் என்று பேசிய பிறகு ஏற வேண்டும். வழியில் மரச் சிற்பக் கடைக்கோ மாணிக்கக் கடைக்கோ "சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்" என்று நிறுத்தினால் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்களுடைய சாரதி நல்ல மனிதர், கொச்சைத் தமிழில் மாமியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார். இருந்தாலும் கடை வாசலில் ஒருமுறை நிறுத்தினார்தான்.

மச்சாளின் டிக்கெட்டை இந்த 42,000இல் சேர்க்காமல் தனியாக வைத்தேன். காரணம் அவளுடைய கடவுச்சீட்டு. இடிபாடுகளைப் பார்க்க உள்நாட்டவரிடம் காசு வாங்குவதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் ஏறத்தாழ 30 டொலர், எங்கள் காசில் 9,000 ரூபா அளவில். ஓமந்தையில் பிறந்தவள், அப்பாவின் வயலில் வரப்பு மிதித்தவள் என்பதெல்லாம் டிக்கெட் ஜன்னலில் செல்லாது. அவளுக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான், ஆனால் கட்டினாள். அந்த டிக்கெட் ஒரு நாளைக்குத்தான் செல்லும் என்பதுதான் திட்டமிடும்போது பார்க்க வேண்டியது. ஆகவே டிக்கெட் பார்க்கிற இடங்களான ஜேதவனாராமய, அபயகிரி, இரட்டைக் குளம், நூதனசாலை எல்லாவற்றையும் முதல் நாளில் அடுக்கினோம். ஸ்ரீ மகா போதியும் இசுருமுனியவும் அந்த டிக்கெட்டில் சேராதவை. வெளிநாட்டவருக்கு அங்கே தனியாகச் சிறு கட்டணம் உண்டு. அவற்றை இரண்டாம் நாளுக்குத் தள்ளினோம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து நிற்கும் வீடு எங்கள் பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்று. அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த அடுக்கைப் பார்க்காமல் போனால் இரண்டு டிக்கெட் வாங்க நேரும்.

ஜேதவனாராமயவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் 9,000 ரூபா பெரிதாகத் தெரியாது என்று மச்சாளே பிறகு சொன்னாள். மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மகாசேனன் என்ற அரசன் கட்டத் தொடங்கி அவன் மகன் முடித்த தூபி, ஒரு செங்கல் மலை அது. கட்டிய காலத்தில் 122 மீற்றர் உயரம். எகிப்தின் பெரிய பிரமிடுகள் இரண்டுக்கு அடுத்தபடியாக அன்றைய உலகத்தில் உயர்ந்த கட்டடம் அதுதான் என்கிறார்கள். இப்போது நிற்பது 71 மீற்றர்.

எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது இரட்டைக் குளம். குட்டம் பொகுண என்று சிங்களத்தில் சொல்வார்கள். ஒன்று 132 அடி நீளம், மற்றது 91 அடி. வெட்டிய கருங்கல்லை அடுக்கிப் படி படியாக இறக்கியிருக்கிறார்கள். கூட்டம் படிக்கட்டில் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறது. மகன் மட்டும் சின்னக் குளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து கத்தினான்: "அம்மா, இங்கே பாருங்கள், துரிசு!" துரிசு, அதாவது குளத்து மதகு, இல்லை அது. ஆனால் அவன் சொன்னது வீண்போகவில்லை. நிலத்துக்குக் கீழே குழாய் வழியாக வருகிற தண்ணீர் நேரே குளத்துக்குள் விழாமல் முதலில் ஒரு சிறிய கல் தொட்டியில் தங்குகிறது. அங்கே மண் அடியில் படிந்துவிட, தெளிந்த தண்ணீர் மட்டும் மகரத்தின் வாய் வழியாக உள்ளே இறங்குகிறது. பக்கத்திலேயே ஐந்து தலை நாகக்கல். குளக்கட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தத் தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தான். அந்த அரை மணி நேரத்துக்கு வெயில் காசிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. மரநிழல் இருக்கிற, பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிற இடத்தை மத்தியானத்துக்கு வைத்தால் கடைப் பக்கம் கால் போகாது.

அறை விடயத்தில் ஒரு எரிச்சல். தொலைபேசியில் பேசும்போது இரண்டு அறைக்கு 9,000 என்றவர்கள், போய்ச் சேர்ந்ததும் குளிரூட்டியைப் போட்டால் அறைக்கு 1,500 கூட என்றார்கள். சின்னவளுக்கு மேலதிகமாக ஒரு மெத்தை கேட்டோம், அதற்கும் தனிக் காசு. குளிரூட்டி வேண்டாம் என்று மின்விசிறியோடு படுத்தோம், ஆனால் மெத்தைக் காசு கொடுத்தோம். அறை பேசுகிறவர்கள் ஆட்களின் எண்ணிக்கை, பிள்ளைகளின் வயது, குளிரூட்டி, காலைச் சாப்பாடு நான்கையும் சொல்லி ஒரே தொகையாகக் கேட்டு, அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் வந்த தொகை வாசலில் மாறுவது குறைவு. யாத்திரிகர் மடங்களில் மிகக் குறைந்த செலவில் தங்கலாம், ஆனால் வசதிகள் எளிமையானவை. முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

சாப்பாட்டில் நாங்கள் மிச்சம் பிடித்தது முதல் நாள் காலையில். வவுனியா அம்மாச்சி உணவகத்தில் குரக்கன் புட்டும் உழுந்து வடையும் பொதியாகக் கட்டிக்கொண்டோம். ஆறு பேர் வயிறாரச் சாப்பிட 1,500 தாண்டவில்லை. அதை ஒரு மரத்தடியில் விரித்தபோது குரங்கு ஒன்று வந்து மாமியின் வடைப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டது. அங்கே குரங்குகள் எங்கள் ஊர்க் குரங்குகளைவிடத் துணிச்சல். பொதியை விரிக்குமுன் மேலே பார்க்க வேண்டும். மத்தியானச் சோற்றைத் தலங்களுக்குப் பக்கத்தில் தேடாமல் பட்டணத்துக்குள் வந்து சாப்பிட்டால் அதே சோறு, கறி மூன்றில் ஒரு பங்கு மலிவு. சிற்றுண்டித் தட்டை மேசையில் வைத்தால் அதில் எடுத்ததற்கு மட்டும்தான் காசு என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு அது தெரியாது. தட்டைத் தள்ளி வையுங்கள்.

இரண்டாம் நாள் மாமியுடையது. அவர் வந்ததே எல்லாளன் சமாதி என்று எங்கள் பழைய ஆட்கள் சொல்கிற இடத்தைப் பார்ப்பதற்குத்தான். ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தக்கிண தூபி என்று அடையாளம் கண்டுவிட்டார்கள். அது மாமிக்கு ஒரு பொருட்டில்லை. 44 வருடம் ஆண்ட அந்த அரசனின் சமாதிக்கு வழிபாடு செய்ய வேண்டும் என்று அவனை வென்ற துட்டகைமுனுவே கட்டளையிட்டதாகவும், அந்த இடத்தை நெருங்கும்போது அரசர்கள் மேளதாளத்தை நிறுத்துவார்கள் என்றும் மகாவம்சம் சொல்கிறது. அதை மகன் வாசித்துக் காட்ட, மாமி கைகூப்பி நின்றார். டிக்கெட் இல்லை, பூக்கடை இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டு நாளில் மிக மலிவான ஒரு மணி நேரம் அது.

காசை எப்படி வைத்திருப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. பூ விற்கிற அம்மாவும் செருப்பு வைக்கிறவரும் 5,000 ரூபாத் தாளைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஊரிலேயே 100, 500 தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள். திரும்பும் பஸ் காசை நான் மாமியின் அடையாள அட்டை இருக்கிற பிளாஸ்ரிக் உறையில் வைப்பேன். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் பஸ் மாறி நின்ற காலத்திலிருந்து அவர் அந்த உறையை மார்போடு வைத்திருக்கிறார். அதைவிடப் பத்திரமான வங்கி எங்கள் வீட்டில் இல்லை. சாதாரண பஸ்ஸில் திரும்புவதாகக் கணக்குப் போட்டாலும் சொகுசு பஸ்ஸுக்குப் போதுமான தொகையை வையுங்கள், ஏறத்தாழ இரு மடங்கு. ஞாயிறு பின்னேரம் சாதாரண பஸ்ஸில் முதியவரை நிற்க வைத்துக் கூட்டிவர முடியாது. ரயில் நேரம் ஒத்துவந்தால் மூன்றாம் வகுப்பு எல்லாவற்றிலும் மலிவு.

பொசன் பௌர்ணமியை அண்டிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஆனி மாதத்தில் அந்த நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் சனம் அநுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் வந்து குவியும். தெருவுக்குத் தெரு தன்சல் போட்டுச் சோறும் பானமும் இலவசமாகக் கொடுப்பார்கள், ஆகவே சாப்பாட்டுச் செலவு அநேகமாக இல்லை. அறைதான் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எங்கேயோ நிற்கும். வவுனியாவிலிருந்து போகிறவர்கள் தங்காமல் விடியற்காலை பஸ்ஸில் போய் இரவு திரும்பிவிடலாம். அப்போது அறைக்கு எழுதிய 9,000 ரூபாவைக் கொப்பியில் வெட்டிவிட்டு, வெயில் காசை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.